குதிரை விழுமுன் மூடும் கண்

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும், புதிதாக வாங்கிய தகரத் துப்பாக்கியில் சுருள் கேப்பை மாட்டிக்கொண்டு, கையை முழு நீளத்துக்கும் நீட்டி, முகத்தை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு சுடுவதற்கு ஆயத்தமாகும் குழந்தை ஒன்றையேனும் காணலாம். அக்குழந்தையைச் சற்று நின்று கவனிப்பவருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். சத்தம் கேட்ட பிறகல்லவா கண் மூட வேண்டும்? குழந்தையோ சத்தம் எழுவதற்கு முன்பே கண்ணை இறுக மூடிவிடுகிறது. மூடும் அதே க்ஷணத்தில் மணிக்கட்டும் தாழ்ந்து, துப்பாக்கியின் வாய் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடுகிறது. கேப் வெடிக்காமல் புஸ்ஸென்று போனாலுங்கூடக் கண் மூடத்தான் மூடுகிறது, கை தாழத்தான் தாழ்கிறது. இன்னும் நிகழாத ஒன்றுக்கு உடல் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய மாதிரிச் சுழல் துப்பாக்கிகளைக் கொண்டு காகித இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடுவதை ஒரு வித்தையாகவே பயின்று வருவோர் பலர் உண்டு. இத்தாலியில் பிரெஷ்யா மாகாணத்துப் பட்டறைகள் அத்துப்பாக்கிகளை இன்றும் பழைய அச்சிலேயே வார்த்துக் கொடுக்கின்றன. அவற்றைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் எதிர்கொள்ளும் வினா, எப்படி நின்றால் சௌகரியமாக இருக்கும் என்பதே. உதைக்கும் கருவியை அடக்க வேண்டுமானால் காலை ஊன்றி, தோளை இறுக்கி, மல்யுத்தத்துக்கு நிற்பவனைப்போல நிற்க வேண்டும் என்று நினைப்பது சுபாவம். அந்த நினைப்பு முழுவதும் பிழை என்பதையும், சௌகரியம் என்பது இங்கே சோம்பலின் பெயரன்று, பௌதிகமும் சரீர சாஸ்திரமும் சேர்ந்து கேட்கும் ஒரு நிபந்தனை என்பதையும் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கருவியை அறிந்துகொள்வது அவசியம். சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1836-இல் தம் நாட்டில் உரிமைப் பட்டயம் பெற்ற சுழல் துப்பாக்கியில், குழலுக்குப் பின்னால் ஐந்தாறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்கிறது. அதன் பின்னே, மருந்தைப் பற்றவைக்க விழும் சிறு சம்மட்டி இருக்கிறது. பழைய தமிழ் வழக்கில் அதற்குக் குதிரை என்று பெயர், அப்பெயரையே இங்கும் ஆள்வோம். விரலால் இழுக்கும் கொக்கியை விசை என்போம். பிற்காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் விசையை இழுத்தாலே குதிரை எழுந்து தானே விழுந்துவிடும். பழைய மாதிரியிலோ விசைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: எழுந்து நிற்கும் குதிரையை விழ விடுவது. அதை எழுப்பி நிறுத்துவது ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலின் பொறுப்பு. குதிரை எழும்போதே உருளையும் ஓர் அறை சுழன்று அடுத்த குண்டைக் குழலுக்கு நேரே கொணர்கிறது. இவ்வமைப்பை ஒற்றைவினைத் துப்பாக்கி எனலாம்.

இதில் எரிவது கருமருந்து. வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து பங்கு, கந்தகம் பத்துப் பங்கு என்ற கணக்கில் சேர்த்து அரைத்த அந்தப் பொடியை அறைகளின் முன்புறத்திலிருந்து கொட்டி, ஈயக் குண்டை அதன்மேல் வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் திணித்து, அறைக்குப் பின்னுள்ள முலைபோன்ற சிறு குமிழில் செம்பு மூடி ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்த மூடிக்கும் கேப் என்றுதான் பெயர். நம் வீட்டுக் குழந்தையின் காகிதக் கேப்பும் இதுவும் வேறு வேறு மருந்தால் ஆனவை, தொழில் ஒன்றே. 1873-இல் கோல்ட் நிறுவனம் உலோகத் தோட்டா போடும் ஒற்றைவினைத் துப்பாக்கியை வெளியிட்டபோது கொட்டித் திணிக்கும் சிரமம் தீர்ந்ததே ஒழிய, குதிரையைக் கட்டைவிரலால் எழுப்பும் வழக்கமும், ஆரம்ப காலத்தில் தோட்டாவுக்குள் அடைத்திருந்த கருமருந்தும் மாறவில்லை.

இனி, குதிரை விழுந்த பின் நடப்பதைக் கவனிப்போம். கரையோரத்தில் மிதக்கும் தோணியிலிருந்து ஒருவன் கரைக்குத் தாவினால் தோணி பின்னோக்கி நகர்கிறது. ஆள் பருமனாகவும் தோணி சிறிதாகவும் இருந்தால் நிறைய நகரும், தோணி பெரிதானால் கொஞ்சமே நகரும். துப்பாக்கி தோணி, குண்டு தாவும் மனிதன். 1860-ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் ராணுவத் துப்பாக்கி சுமார் 1.2 கிலோ எடையுள்ளது. அதன் உருண்டைக் குண்டு ஏறக்குறைய 9 கிராம், மருந்து சுமார் 2 கிராம். எடைகளின் விகிதம் நூற்றுக்கு மேல் இருப்பதால், குண்டு 20 சென்டிமீட்டர் நீளக் குழலைக் கடந்து வெளியேறும் வரையில் துப்பாக்கி பின்னோக்கி நகரும் தூரம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. அதற்குச் செல்லும் காலமும் வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறைவு.

வெறுங்கண்ணால் காண முடியாத இதை எப்படி அறிந்தார்கள் என்று வாசகர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்பவர் 1742-இல் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய நூலில், ஊஞ்சலைப்போல் தொங்கவிட்ட கனத்த பலகையின்மீது குண்டைச் செலுத்தி, பலகை எவ்வளவு ஆடியது என்பதை நாடா ஒன்றால் அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிடும் உபாயத்தை விவரித்தார். கண்ணுக்கு அகப்படாத வேகத்தைக் கண்ணுக்கு அகப்படும் ஆட்டமாக மாற்றிய அந்த யுக்தியை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. பின்னர் ரம்ஃபர்ட் பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன், 1781-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், துப்பாக்கிக் குழலையே தொங்கவிட்டு, அது பின்னோக்கி ஆடும் அளவைக் குறித்தார். குண்டின் பங்கோடு, எரிந்த மருந்து பாய்ந்து வெளியேறும் பங்கையும் சேர்த்தே பின்னுதைப்பைக் கணக்கிட வேண்டும் என்பது அவ்வாறு உறுதிப்பட்டது. தோணியிலிருந்து தாவுபவன் தன் மூட்டையையும் கூடவே வீசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நம் கேள்வியின் உயிர்நிலை இருக்கிறது. ஒரு திடுக்கீட்டை உணர்ந்து, அதற்கு வேண்டுமென்றே எதிர்ச்செயல் செய்ய மனிதனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டோ, 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை வினாடியில் பத்தில் ஒரு பங்கில் தொட்டுவிடுகிறது. ஆகவே, உதைப்பைக் கையால் உணர்ந்து அடக்க எண்ணுபவன் அடக்கத் தொடங்கும்போது இலக்கில் துளை விழுந்து முடிந்திருக்கும். எவ்வளவு பலசாலியாயினும் சரி, குண்டு போகும் வழியை உதைப்புக்கு எதிரான பலத்தால் ஒருவரும் திருத்த முடியாது. திருத்த முயல்பவன் உண்மையில் செய்வது, உதைப்புக்கு முன்பே கையை இறுக்குவது. அதாவது தீபாவளிக் குழந்தை செய்த அதே காரியம்.

அப்படியானால் நிற்கும் நிலை எதற்கு? குதிரை விழுவதற்கு முன்னுள்ள சில வினாடிகளில் குறியை அசையாமல் வைத்திருப்பதற்கும், விழுந்த பின் துப்பாக்கி எழும்பித் தாழ்ந்து பழைய இடத்துக்கே திரும்பி வருவதற்கும்.

குறி அசைவதிலும் இரண்டு வகை உண்டு. இருட்டறையில் டார்ச் விளக்கை எதிர்ச் சுவரில் அடித்துப் பாருங்கள். விளக்கை அப்படியே ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினால், சுவரில் வெளிச்சமும் ஓர் அங்குலமே நகரும். மணிக்கட்டைச் சிறிது திருப்பினாலோ, வெளிச்சம் அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடிவிடும். முதலாவதை நகர்வு என்றும், இரண்டாவதைத் திருகல் என்றும் சொல்வோம். பழைய கோல்ட் துப்பாக்கிகளில் முன்குறி குழலின் நுனியிலுள்ள பித்தளைப் புள்ளி. பின்குறியோ, எழுந்து நிற்கும் குதிரையின் தலையிலேயே வெட்டிய சிறு பிளவு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழக் கால் மீட்டர். இலக்கு 25 மீட்டரில் இருந்தால் அது இந்தத் தூரத்தைப்போல் நூறு மடங்கு. எனவே பித்தளைப் புள்ளி பிளவின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டு பத்து சென்டிமீட்டர் விலகிவிடும். உடல் முழுவதும் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குண்டு ஐந்து மில்லிமீட்டரே நகரும். நல்ல நிலை என்பது அசையாத நிலையன்று. அசைவைத் திருகலாக விடாமல் நகர்வாகவே கழித்துவிடும் நிலை.

ஏனெனில் அசையாமல் நிற்பது மனிதனுக்குச் சாத்தியமே இல்லை. உள்ளங்கையில் துடைப்பத்தை நட்டு விளையாடும் சிறுவன், துடைப்பம் சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்திக்கொண்டே இருப்பதைப்போல, கணுக்காலின்மேல் நிற்கும் நம் உடலையும் தசைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. கண்ணும், உட்செவியும், பாதத்திலிருந்து வரும் உணர்ச்சியும் இதற்கு வழிகாட்டுகின்றன. பெர்லின் நகரத்து வைத்தியர் மோரிட்ஸ் ரோம்பெர்க், முதுகுத்தண்டின் நரம்பு நோயுற்றவர்கள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நின்று, மூடியவுடன் தள்ளாடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்துக்காட்டினார். கால்களின் உணர்ச்சி குன்றியவருக்குக் கண்ணே ஊன்றுகோல் என்பது அதனால் தெளிந்தது. ஆரோக்கியமானவரும் கண்ணை மூடினால் சற்று அதிகமாகவே ஆடுவார். தலையைச் சாய்த்துக் குறியைத் தேடுவது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்: கண்ணையும் உட்செவியையும் ஒருசேரக் கோணலாக்கிவிட்டு, ஸ்திரமாக நிற்க வேண்டும் என்று கால்களைக் கேட்பது நியாயமன்று. துப்பாக்கிதான் கண்ணை நோக்கி எழ வேண்டும். கண் துப்பாக்கியைத் தேடிக் குனியலாகாது.

கால்களைத் தோளகலம் விரித்து நிற்பவரின் ஆட்டம் எல்லாத் திசைகளிலும் சமமாக இராது. பக்கவாட்டில் இரு கால்களும் இரு தூண்களாக நின்று தாங்குவதால் ஆட்டம் குறைவு. முன்பின்னாகக் கணுக்கால் ஒன்றே தாங்க வேண்டியிருப்பதால் ஆட்டம் மிகுதி. இலக்குக்கு நேர்முகமாக நிற்பவர் முன்பின்னாக ஆடினால் துப்பாக்கியின் வாய் மேலும் கீழும் திருகுகிறது. பக்கவாட்டில் திரும்பி நிற்பவர் அதே அளவு ஆடினால் துப்பாக்கி இடமும் வலமுமாகப் பெரும்பாலும் நகரவே செய்கிறது. துவந்த யுத்தம் செய்த பழங்காலத்துக் கனவான்கள் பக்கவாட்டில் நின்றதற்கு, எதிரிக்கு உடலைக் குறுகலாகக் காட்டுவது ஒரு காரணம் என்பார்கள். அந்த அச்சம் சிறிதுமில்லாத இலக்குப் பந்தயங்களிலும் ஒற்றைக் கையால் சுடுவோரிடம் அந்நிலை இன்றுவரை வழங்கி வருவதற்கு இந்த நகர்வு, திருகல் நியாயமும் துணை நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் முற்றும் பக்கவாட்டில் நின்றால் கழுத்தை முழுவதும் திருப்ப வேண்டும். கழுத்து வலி கண்ணைக் கலக்கும். எனவே பெரும்பாலோர் இலக்குக்குப் பாதிச் சாய்வாக நிற்பதில் வந்து சேருகிறார்கள். எந்தக் கோணம் என்பதைக் கழுத்துதான் சொல்ல வேண்டும். புத்தகம் சொல்ல முடியாது.

தசையின் சோர்வைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவரின் ஒரு கை மட்டும் சுமார் மூன்று கிலோ இருக்கும். அதை நீட்டிப் பிடித்து, நுனியில் இன்னும் 1.2 கிலோவையும் ஏற்றுகிறோம். ஒருநாள் இரவு, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தில் கொளுத்திய ஊதுவத்தி ஒன்றைக் கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதன் கங்கைக் கவனித்தேன். முதல் ஏழெட்டு வினாடி அது ஒரு செம்புள்ளியாக நின்றது. பிறகு ஒரு சிறு நடுக்கம் புகுந்தது. அரை நிமிஷம் ஆவதற்குள் அப்புள்ளி இருளில் சுழிசுழியாகக் கோலம் போடத் தொடங்கிவிட்டது. வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை நடுங்குவது ஆரோக்கியமான கைக்கே இயல்பு. சோர்வு அந்த நடுக்கத்தைப் பெரிதாக்குகிறது. ஆகையால், பாரத்தைத் தசையிடமிருந்து எடுத்து எலும்பிடம் ஒப்படைப்பதும், ஏழெட்டு வினாடிக்குள் குறி அமையாவிட்டால் வெட்கப்படாமல் கையைத் தாழ்த்தி இளைப்பாறிவிட்டு மறுபடி தூக்குவதும் விவேகம். கருமருந்துத் துப்பாக்கிகளுக்கென்று நடக்கும் சர்வதேசப் போட்டிகளில் மரியெட் என்னும் பிரிவு இதற்கு நல்ல சாட்சி: 25 மீட்டர் தூரம், ஒற்றைக் கை, பதின்மூன்று குண்டுகள், அவகாசம் முப்பது நிமிஷம், சிறந்த பத்தே கணக்கில் சேரும். அவசரப்படுவதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை.

இடுப்பில் குடம் ஏந்தி வரும் பெண் மறுபக்கமாகச் சற்றுச் சாய்ந்து நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவள் தசையால் குடத்தைத் தூக்கவில்லை. உடலின் பாரத்தைக் குடத்துக்கு எதிர்த்தட்டாக வைத்துத் தராசைச் சமன் செய்திருக்கிறாள். ஒற்றைக் கையால் சுடுபவர் துப்பாக்கிக்கு எதிர்ப்புறமாக இம்மியளவு சாய்வதும் அதே தராசுதான். முழங்கையை நேராக நீட்டலாம், பூட்டுப் போட்டதுபோல் முறுக்கக் கூடாது. வேலையில்லாத இடக்கை தொங்கி ஆடினால் அதுவும் ஊசலாகி உடலை ஆட்டுமாதலால், அதைக் கால்சட்டைப் பையிலோ இடைவாரிலோ செருகி வைப்பது வழக்கம். யோக சாஸ்திரம் ஆசனத்துக்குக் கூறும் இலக்கணத்தில் ஸ்திரமும் சுகமும் சேர்ந்தே வருவதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் அமைந்த பிறகு பாதங்களின் திசையைத் தேர்ந்துகொள்ள ஒரு சுலபமான பரிசோதனை உண்டு. குண்டில்லாத துப்பாக்கியை இலக்கின்மீது பிடித்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கை தன் இஷ்டப்படி ஓய்ந்து நிற்க விட்டு, பின்பு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். குறி இலக்குக்கு வலப்புறம் போயிருந்தால் கையை இழுத்துத் திருத்தக் கூடாது. பின்காலைச் சிறிது நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்பி, மறுபடி கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். சற்றுக் கோணலாக மாட்டிய கதவு, எங்கே திறந்துவிட்டாலும் மெல்ல ஆடிவந்து தனக்கென்று உள்ள ஓர் இடத்திலேயே நிற்கும். அதைப் பலவந்தமாக வேறிடத்தில் பிடித்திருந்தால், கையை எடுத்த நிமிஷம் பழைய இடத்துக்கே ஓடும். உடலுக்கும் அத்தகைய ஓர் இடம் உண்டு. அதை இயல்நோக்கு என்று அழைக்கலாம். இயல்நோக்கு இலக்கில் இல்லாதவர் ஒவ்வொரு தடவையும் தசையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுடுகிறார். விசை விடுபடும் கணத்தில் தசையும் விட்டுவிட, குண்டு கதவின் இஷ்டப்படி போகிறது.

ஒரு கையா, இரண்டு கையா என்பது அடுத்த வினா. பழைய துப்பாக்கிகள் ஒற்றைக் கைக்கென்றே பிறந்தவை. குதிரை வீரனின் மறு கையில் கடிவாளம் இருந்தது. 1847-இல் பிறந்த வாக்கர் மாதிரி இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடன், வீரனின் இடுப்பில் அல்லாமல் சேணத்தின் உறையிலேயே தொங்கியது. ஆயினும் அக்காலத்திலும் இன்னொரு தாங்கல் கிடைத்தால் யாரும் வேண்டாமென்று சொன்னதாகத் தெரியவில்லை. 1865-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் சதுக்கத்தில், சுமார் 75 கஜ தூரத்தில் டேவிஸ் டட் என்பவரைத் துப்பாக்கிச் சண்டையில் எதிர்கொண்ட ‘ஒயில்ட் பில்’ ஹிக்காக் என்பவர், பக்கவாட்டில் நின்றபடி, துப்பாக்கியை மறு கையின் முன்னங்கையின்மேல் தாங்கிச் சுட்டதாகவே சொல்லப்படுகிறது. சுழல் துப்பாக்கியை இரு கையாலும் பிடிக்கும் முறை ஓர் ஒழுங்காக வடிவெடுத்துப் பிரசித்தி பெற்றது வெகு காலம் கழித்து, 1950-களின் இறுதியில், கலிபோர்னியாவில் ஷெரீப் உதவியாளராயிருந்த ஜாக் வீவர் பந்தயங்களில் அதைக் கையாண்ட பிறகு. வலக்கை துப்பாக்கியை முன்னே தள்ளும், இடக்கை பின்னே இழுக்கும். ஒரு கால் பின்வாங்கி நிற்கும். முன்பின் ஆட்டத்துக்கு அந்தப் பின்கால் ஒரு முட்டுக்கொடுத்தலாகிறது.

ஒற்றைவினைத் துப்பாக்கியில் இரண்டு கைகளுக்கு வேறொரு லாபமும் இருக்கிறது. ஒற்றைக் கையால் சுடுபவர் குதிரையை எழுப்பக் கட்டைவிரலை மேலே கொண்டுபோகும்போது பிடி தளர்கிறது. எழுப்பிய பின் பிடியை மறுபடி அமைக்க வேண்டும். அமைப்பது ஒவ்வொரு தடவையும் இம்மியளவு வேறுபடும். இரண்டு கையால் பிடிப்பவரோ இடக்கைக் கட்டைவிரலால் குதிரையை எழுப்பலாம். வலக்கைப் பிடி முதல் குண்டு தொடங்கிக் கடைசிக் குண்டு வரை கலையவே வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவர் இரண்டு கைகளில் தொடங்குவதே உத்தமம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பழமையின்மீது காதல் கொண்டு ஒற்றைக் கைக்குப் போக விரும்புவோர் பிற்பாடு போகலாம். அமெரிக்கக் ‘கௌபாய்’ பந்தயங்களில் அவர்களுக்கென்றே ‘டூயலிஸ்ட்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

இடக்கை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழையும் அளவு இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே நெருப்பும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் சீறும். அரிதாக, ஓர் அறையின் தீ பக்கத்து அறைகளுக்கும் தாவி, குழலுக்கு நேரில்லாத குண்டுகளும் புறப்பட்டுவிடும்; குண்டுகளின்மேல் கொழுப்பைப் பூசுவது இதைத் தடுப்பதற்காகவும்தான். கோல்ட் நிறுவனம் 1855 மாதிரியில் இதே உருளையை நீண்ட துப்பாக்கியில் அமைத்தபோது, வழக்கம்போல் இடக்கையை முன்னே நீட்டித் தாங்கியவர்களின் கைக்கு அது ஆபத்தாக முடிந்தது. தாங்கும் கை உருளைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். இதில் சௌகரியத்துக்கு இடமில்லை. கண்ணாடியும் காதடைப்பும் அவ்வாறே.

புகையும் நிலையைக் கெடுக்கும் என்றால் வியப்பாக இருக்கலாம். நோபிள், ஏபெல் என்னும் இருவர் மூடிய எஃகுப் பாத்திரத்துக்குள் கருமருந்தை எரித்து, 1875-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அந்தத் திடப்பொருளின் நுண்துகள்தான் காற்றில் மிதக்கும் வெண்புகை. காற்றில்லாத நாளில் அது வெள்ளைத் திரைபோல் முன்னே நிற்க, குண்டு எங்கே பட்டது என்று பார்க்கும் ஆவலில் சுடுபவர் கழுத்தை நீட்டுகிறார், ஒரு கால் விலகுகிறது, சற்றுமுன் பாடுபட்டுக் கண்டுபிடித்த இயல்நோக்கு அத்தோடு போய்விடுகிறது. திரை கலையும்வரை நின்ற இடத்திலேயே நிற்கும் பொறுமையும் நிலையில் சேர்ந்ததே.

இனிப் பிடியைப் பற்றி. குழல் கைக்கு மேலே இருப்பதால், பின்னுதைப்பின் தள்ளல் மணிக்கட்டுக்கு மேலாகச் செல்கிறது. கதவின் கீல் ஓரிடமும் தள்ளும் கை வேறிடமும் இருப்பதைப்போல. ஆகவே துப்பாக்கி பின்னே போவதோடு நில்லாமல் வாய் தூக்கி எழும்புகிறது. குண்டு குழலைவிட்டு நீங்குமுன்பே இந்த எழுச்சி தொடங்கிவிடுகிறது என்பதற்கு நல்ல தடயம் துப்பாக்கியிலேயே உண்டு: குறிகளை இலக்கில் நிறுத்திக் குழலின் ஓட்டைக்கு நேரே கோடு இழுத்தால், அக்கோடு குறிக்கோட்டுக்குச் சற்றுத் தாழவே போகும். எழுச்சியை எதிர்பார்த்து அப்படி அமைத்திருக்கிறார்கள். அதே துப்பாக்கியில் கனமான, மெதுவாகச் செல்லும் குண்டைப் போட்டால் கிட்டத்து இலக்கில் அது உயரவே படும். குழலுக்குள் அதிக நேரம் தங்குவதால் எழுச்சியிலும் அதிகமாகப் பங்கு கொள்கிறது. இதிலிருந்து பெறும் பாடம், இறுக்கிப் பிடி என்பதன்று, ஒரே மாதிரிப் பிடி என்பது. ஒரு தடவை இரும்புப் பிடியும் மறு தடவை பூப்போன்ற பிடியுமாக இருந்தால், குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏணிப்படியாக விழும்.

கோல்டின் 1851 கடற்படை மாதிரியிலிருந்து 1873 மாதிரிக்கு அப்படியே இறங்கிவந்த கைப்பிடியை அமெரிக்கர் ஏர்ப்பிடி என்றே அழைக்கிறார்கள். நம் பாஷையில் மேழி. மேலே ஒடுங்கி, கீழே அகன்று, வளைந்து இறங்கும் அது, உதைக்கும்போது உள்ளங்கைக்குள் வழுக்கியவாறு சுழன்று எழுகிறது. முதன்முதலில் பிடிப்பவருக்கு இது குறையாகவே தோன்றும். நழுவுகிறதே என்று நெரிப்பார். அது நழுவவில்லை. உதைப்பின் வேகத்தைச் சுழற்சியாகக் கழித்துவிட்டு, குதிரையின் முனையைக் கட்டைவிரலுக்கு அருகே தானே கொணர்ந்து கொடுக்கிறது. ஒற்றைக் கையால் சுடுபவர் அந்த எழுச்சியின் உச்சியில் கட்டைவிரலைக் குதிரையின்மேல் போட்டுவிட்டால், துப்பாக்கி தன் பாரத்தால் தாழும்போதே பாதி வேலை முடிந்துவிடும். செம்புக் கேப் உள்ள மாதிரிகளில், வாயை உயர்த்தியபடியே குதிரையை எழுப்பும் பழைய வழக்கத்துக்கு இன்னொரு நன்மை, வெடித்த கேப்பின் சிதறல் பொறிக்குள் விழாமல் வெளியே உதிர்வது. பிடியின் நீளம் போதாத கைகள் சுண்டுவிரலை அடியில் மடக்கி வைத்துக்கொள்ளும். அதுவும் எழுச்சிக்கு ஒரு மெத்தைபோல ஆகும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்துக் குறிப்போட்டிகளை உத்தேசித்து, 1894-இல் இந்த மேழியை மாற்றி, கைக்குள் அதிகம் சுழலாதபடி வேறொரு பிடியைக் கோல்ட் நிறுவனம் தயாரித்தது. இரண்டும் நல்லவையே, ஆனால் மேழியைப் பிஸ்லியாக நினைத்து நெரிப்பவருக்கு மேழியின் நன்மையும் கிட்டாது, பிஸ்லியின் நன்மையும் கிட்டாது. உழுபவன், கொழு கல்லில் முட்டும்போதெல்லாம் மேழியை விறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அது எழும்ப இடம் கொடுத்து, எழும்பிய கையாலேயே மறுபடி படைச்சாலில் இறக்கிவிடுகிறான்.

இத்தனை ஆயத்தமும் செய்துகொண்ட ஒருவர், தம் நிலை உண்மையில் சுகமானதுதானா, அல்லது சுகம் என்று மனத்தை நம்பவைத்துக்கொண்டாரா என்பதை எப்படி அறிவது? அவரைக் கேட்டுப் பயனில்லை. முன்கூட்டியே கையைத் தாழ்த்துபவருக்குத் தாம் தாழ்த்துவது தெரிவதே இல்லை. உதைப்பின் எழுச்சி அந்தத் தாழ்ச்சியை உடனே மூடி மறைத்துவிடுகிறது. அதற்குத் தோட்டாத் துப்பாக்கிகளில் ஓர் அருமையான பரிசோதனை இருக்கிறது. நண்பர் ஒருவர், சுடுபவர் காணாதபடி, உருளையில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றிரண்டைக் கலந்து அடைத்துக் கொடுப்பார். சுடுபவருக்கு எது எங்கே என்று தெரியாது. எழுச்சி இருந்தால்தானே மறைக்க? வெற்றுத் தோட்டாவில் குதிரை விழும்போது எழுச்சி கிடையாது. உடலின் இரகசியம் அந்த ஒரு தட்டொலியில் வெளிப்பட்டுவிடும்.

முதன்முறை இதைச் செய்பவருக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். இரண்டு குண்டு வெடித்து, புகை கலைந்து, மூன்றாவதில் குதிரை ‘டக்’ என்று வெறுமனே விழ, குழலின் நுனி மண்வெட்டி இறங்குவதுபோல் இரண்டு விரற்கடை கீழே குத்தி நிற்கும். அவர் திகைத்து நண்பரைப் பார்ப்பார். பிறகு காலை மறுபடி அமைத்து, இடக்கையை இடைவாரில் செருகி, நெரித்த விரல்களைத் தளர்த்தி, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் தொடங்குவார். நண்பர் சலிக்காமல் அடைத்துக்கொண்டே இருக்க, நாற்பதாவதோ ஐம்பதாவதோ தடவையில் குதிரை விழும். ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும். முன்குறி இருந்த இடத்திலேயே இருக்கும், கண் திறந்தே இருக்கும்.